மாம்பழ மஞ்சள்

ஏஞ்சலினுக்கு மசக்கை வந்தால் மாங்காய் கேட்கமாட்டாள், ஊறுகாய் கேட்கமாட்டாள். அவளுக்கு மண் வேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி பலப்பம் கடிப்பாள், அடுப்புச் சாம்பலைத் தொட்டு நக்குவாள், கோயில் விபூதியைக் காகிதத்தில் மடித்து வந்து ஒளித்து வைத்துத் தின்பாள். என் நாத்தனார் சுவரில் அடித்த சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுவிட்டு, பள்ளமான இடத்தில் காலண்டரை மாட்டி மறைத்தாள். நாங்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேலி செய்து சிரிப்போம். பிள்ளை பிறந்தால் அந்த ஆசையும் போய்விடும்.

ஏஞ்சலினைப் பார்த்தும் அப்படித்தான் சிரித்தோம்.

என் பெயர் சந்திரகலா. கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை போகிற வழியில், பெரிய கம்பெனிகளின் நீளமான மதில்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அங்கேதான் நான் பேக்கிங் வேலை பார்த்தேன். வீட்டுச் சுவரில் அழகுக்குப் பதிக்கிற டைல்ஸ் செய்கிற இடம் அது. மெஷினில் அச்சாகி வரும் ரகம் இல்லை. களிமண்ணைக் கையால் பிசைந்து, மரச் சட்டத்தில் அழுத்தி, காயவைத்து, ஒவ்வொன்றிலும் தூரிகையால் மயிலோ தாமரையோ எழுதி, சூளையில் சுட்டு எடுப்பது. சமையலறைச் சுவருக்கு ஒரு வரிசை, பூஜையறைக்கு ஒரு வரிசை, மாடிப்படிக்கு ஒரு வரிசை என்று மெட்ராஸிலிருந்து ஆர்டர் வரும். திருநின்றவூர் பக்கம் புது பிளாட் வாங்கினவர்கள் காரில் வந்து, தங்கள் ஹால் சுவரைப் போனில் போட்டோ எடுத்து வந்து காட்டுவார்கள். வீட்டைப் பற்றிப் பேசும்போது அவர்கள் முகமே மாறிவிடும். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

முதலாளி தணிகைவேல். பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் இருக்கிற குடும்பம். நெல்லைத் தம்பியிடம் விட்டுவிட்டு டைல்ஸுக்கு வந்தவர். கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். போகப்போக அவர் மேல் எனக்கு வருகிற கோபத்தில் இதைச் சொல்ல வாய் வராது.

ஏஞ்சலின் அங்கே படம் எழுதுகிறவள். அவள் அம்மா ஞானம்மா நடவுக்கும் களைக்கும் போனவள். அப்பா இரும்பு உருக்குகிற கம்பெனியில் இருந்து ஓய்ந்தவர். பிளஸ் டூ முடித்ததும் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற பெரிய கம்பெனிக்குத் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு கொஞ்ச காலம் போனாள். பேசக்கூடாது என்றார்களாம். பேசாமல் இருந்தால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். விட்டுவிட்டு எங்களிடம் வந்தாள். முதல் நாள் அவள் எழுதின மயிலைப் பார்த்து, "இன்னாடி இது, கோழியா?" என்று கேட்டேன்.

"மயிலுதாங்க்கா. கோழி வேஷம் போட்டுகினு வந்துக்குது," என்றாள்.

அன்றே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு வருஷத்துக்குள் அவள் மயிலுக்காகவே ஆர்டர் வர ஆரம்பித்தது. கழுத்தை ஒரே இழுப்பில் எழுதுவாள். தூரிகை நடுவில் நிற்காது. தோகையில் கண் கண்ணாக வைத்துக்கொண்டே, நேற்று சாம்சன் என்ன சொன்னான், மாமியார் என்ன சொன்னாள், சர்ச்சில் யார் என்ன புடவை கட்டி வந்தாள் என்று வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

சாம்சன் அவள் புருஷன். உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசிக்கொண்டதால் குடும்பம் நன்றாகவே நடந்தது. சூளையில் கோணிப்போன டைல்ஸ், முனை உடைந்தது, கண் கலங்கின மயில் இதையெல்லாம் அவள் கேட்டு வாங்கிப் போவாள். சாம்சன் அவற்றைத் தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதித்து வந்தான். ஒழுங்கான டைல் அதில் ஒன்றுகூட இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும் அந்தச் சுவர் உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அதற்கு நேர் மேலே உத்தரத்தில் தூளி கட்ட ஒரு கொக்கி மாட்டியிருந்தான். கல்யாணமான வருஷமே மாட்டிவிட்டான்.

அந்தக் கொக்கி சும்மாவே தொங்கிக்கொண்டிருந்தது.

மாம்பழ மஞ்சள் என்று பேர் வைத்தது நாங்கள்தான். டைல் மேல் பூசுகிற கலரை கிளேஸ் என்பார்கள். பூசும்போது வெறும் சேறுபோல இருக்கும். சுட்டால் கண்ணாடியாகப் பளபளக்கும். முன்பெல்லாம் எங்கள் மஞ்சள் நோயாளி முகம்போல வெளுத்துத்தான் வரும். ஒரு நாள் தணிகைவேல் வேனில் புதுச் சாக்குகளைக் கொண்டுவந்து இறக்கினார். சாக்கின் மேல் பேர் இல்லை, ஊர் இல்லை. அந்தப் பொடியைக் கலந்து பூசிச் சுட்டபோது, சூளையைத் திறந்தவுடன் எல்லாரும் ஓடி வந்து பார்த்தோம். பங்கனப்பள்ளியைத் தோல் சீவி வைத்த மாதிரி ஒரு மஞ்சள். அதோடு பொடி சீக்கிரமே உருகிவிடுவதால், சூளையில் இரண்டு முறை சுடுகிற வேலையும் ஒன்றாகக் குறைந்தது. காய்ந்த, சுடாத பச்சை மண் மேலேயே பூசி, ஒரே சூட்டில் எடுத்துவிடலாம்.

அதனால் ஒரு சின்ன வேலை கூடிற்று. பூச்சு ஓரத்தில் வழிந்திருந்தால் சூளைப் பலகையோடு டைல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே படம் எழுதினவளே நாலு ஓரத்தையும் பிளேடால் சுரண்டிவிட வேண்டும். சுரண்டினால் பச்சை மண்ணும் பூச்சும் சேர்ந்து துணுக்கு துணுக்காக உதிரும். அதை ஒரு தட்டில் சேர்த்து, பின்பக்கம் கழுவு நீர் போய் விழுகிற பள்ளத்தில் கொட்டுவோம்.

மஞ்சள் வந்த பிறகு ஏஞ்சலினுக்கு இரண்டு தடவை தரித்தது. இரண்டும் நிற்கவில்லை. முதல் தடவை அவள் அழுதாள். இரண்டாவது தடவை பேசாமல் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாமியார் அவளை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போனாள். சாம்சன் திருவள்ளூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். ரத்தம் கம்மி என்று மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் கம்மி இல்லை? அந்தச் சிவப்பு மாத்திரையைத் தின்று தின்று நாங்கள் எல்லாரும் வளர்ந்தவர்கள்தான்.

மூன்றாவது தடவை தரித்தபோது யாரிடமும் சொல்லவில்லை. நான் கண்டுபிடித்தது மண்ணால்தான். களிமண் குவியல் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தாள். கடைவாய் அசைந்துகொண்டிருந்தது.

"எத்தினி மாசம்?" என்றேன்.

"சொல்லமாட்டேன். சொன்னா போயிடும்," என்றாள். வாயில் மண்ணோடு அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளை நிற்க வேண்டும் என்று அப்போதே அந்த மண் குவியல் மேலேயே வேண்டிக்கொண்டேன். அவளுக்கு அந்த நாட்களில் வேறு நினைப்பே கிடையாது. பஸ்ஸில் வந்தால் குலுங்கும் என்று நடந்து வந்தாள். கனமான பலகையைத் தொடமாட்டாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டே ஒரு கையால் மயில் எழுதினாள்.

முந்தைய இரண்டும் போன மாதத்தை இது தாண்டிற்று. அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தது. பழைய ஏஞ்சலின் திரும்பி வந்தாள். பேச்சு, சிரிப்பு, கேலி எல்லாம் வந்தது. மண் தின்பதும் கூடிற்று. ஆனால் குவியல் பக்கம் எழுந்து போவதை விட்டுவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே, சுரண்டின தட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். டீ வந்தால்கூட அதைத் தின்று முடித்துவிட்டுத்தான் குடிப்பாள்.

"ஆடு மாதிரி அசை போட்டுகினே இருக்குறா பாரு," என்பாள் கெங்கம்மாள்.

கெங்கம்மாள் கொட்டகையைப் பெருக்குகிறவள். தனி ஆள். பிள்ளைகள் எங்கெங்கேயோ இருந்தார்கள். அவளுக்கென்று இருந்தது இரண்டு வெள்ளாடுகள். காலையில் வரும்போது கூடவே ஓட்டி வந்து கொட்டகைக்குப் பின்னால் விட்டுவிடுவாள். அங்கே புல் உண்டு, வேலி உண்டு. ஆடு பாட்டுக்கு மேயும்.

ஏஞ்சலினுக்கு அடிக்கடி வயிற்று வலி வர ஆரம்பித்தது. சுருட்டிப் பிடிக்கிற வலி. கொல்லைக்குப் போகவில்லை என்பாள். வாயெல்லாம் இரும்பைக் கடித்த மாதிரி இருக்கிறது என்பாள். முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் சொன்னால், ரத்தம் கம்மி என்று மறுபடி அந்த மாத்திரை. வீட்டில் சொன்னால், பிள்ளைக்காரிக்கு இப்படித்தான் இருக்கும் என்று பதில். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு இடி விழுந்தாலும் மசக்கை என்றுதான் சொல்வார்கள். எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது.

அந்தச் சமயத்தில்தான் கெங்கம்மாளின் பெரிய ஆட்டுக்கு என்னவோ ஆயிற்று.

நான் பெட்டிக்கு வைக்கோல் எடுக்கப் பின்னால் போனேன். ஆடு கொட்டகைச் சுவரில் தலையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றது. முட்டவில்லை. நெற்றியைச் சுவரில் வைத்து, முன்னால் வழி இருக்கிறதென்று நினைத்துத் தள்ளுகிற மாதிரி, தள்ளிக்கொண்டே நின்றது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கெங்கம்மாள் ஓடி வந்து கழுத்தைப் பிடித்து இழுத்தாள். விட்டதும் ஒரே வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது. முகத்துக்கு எதிரே அகத்தித் தழையை நீட்டினாள். அது தழையைப் பார்க்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது.

அந்த வாரமே செத்துப்போயிற்று. கெங்கம்மாள், பக்கத்து வீட்டுக்காரி கண் வைத்துவிட்டாள் என்று தெருவில் நின்று ஏசினாள். தணிகைவேல், பாம்பு கடித்திருக்கும் என்றார். மதிலுக்கு அந்தப்புறம் இருக்கிற கம்பெனிப் புகைதான் காரணம் என்று டிரைவர் சொன்னான். ஆளுக்கு ஒன்று சொன்னோம். ஏஞ்சலினை மட்டும் அந்தப் பக்கம் போகவிடவில்லை. செத்ததைப் பிள்ளைக்காரி பார்க்கக்கூடாது என்று நானே அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவள் இடத்திலேயே உட்கார்ந்து, சத்தம் போடாமல் துணுக்கு மென்றுகொண்டிருந்தாள்.

வளைகாப்பு அவள் வீட்டில் நடந்தது. பாஸ்டர் வந்து முதலில் ஜெபம் பண்ணினார். பிறகு அவளை அந்த மயில் சுவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து, கொக்கிக்குக் கீழே, ஒவ்வொருத்தியாக வளையல் போட்டோம். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. சாம்சன் ஓரமாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் முறை வந்தது. வளையலை வைத்துக்கொண்டு, "கைய நீட்டுடி," என்றேன்.

வலது கையை நீட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் நேராக வந்தது. அதற்குக் கீழே கை தொங்கியது.

"கைய தூக்கிப் புடி. ராணி மாதிரி தொங்க போட்டுகினு கீறியே," என்றாள் ஞானம்மா பின்னாலிருந்து. எல்லாரும் சிரித்தார்கள்.

"வளையலு வெயிட்டும்மா," என்று அவளும் சிரித்தாள்.

கண்ணாடி வளையலுக்கு என்ன கனம் இருக்கிறது? நான் பக்கத்தில் நின்றவள். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி, கீழேயிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். வளையலை மெதுவாகப் போட்டேன். உள்ளங்கை சில்லென்று இருந்தது. ஐந்து வகை சாதம் போட்டிருந்தார்கள். எதையும் ருசித்ததாக நினைவில்லை.

"வேலைய உட்டுடு. போதும், ஊட்டுல இரு," என்று வாசலில் வைத்துச் சொன்னேன்.

"ஊட்ல குந்திகினு இன்னாக்கா பண்றது? சொவுத்தப் பாத்துகினு கெடந்தா பயமா கீது. அங்கன்னா நீ கீற, பேசினு இருக்கலாம்," என்றாள்.

வந்தாள். ஆனால் அவள் கழுத்து எழுதுவது பழைய மாதிரி இல்லை. ஒரே இழுப்பில் வருகிற கோடு நடுவில் நடுங்கி, ஒதுங்கி, மறுபடி சேர்ந்தது. கண் வைக்கிற இடத்தில் மஞ்சள் வழிந்து மயில் அழுகிற மாதிரி இருந்தது. பேக் செய்ய வந்த டைல்ஸை எடுத்துப் பார்த்து, நான் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். ஒரு தரம் தூரிகை அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தாள், மறுபடி விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டிலிருந்து துணுக்கு எடுக்க மட்டும் இடது கையை நீட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டு முடித்து, பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தோம். கெங்கம்மாள் மீதி இருந்த சின்ன ஆட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது கழுவு நீர்ப் பள்ளத்தின் கரையில் காலை ஊன்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கரையில் காய்ந்து கிடந்த சேற்றை நக்கிக்கொண்டே இருந்தது.

"சனியனே, அந்தச் சேத்துல இன்னாதான் கீதுன்னு இப்டி நக்கினு கெடக்குற? அம்மாம் புல்லு கெடக்குது, அத்தத் தொடமாட்டேன்ற," என்று கத்தினாள்.

ஏஞ்சலின் குழாயில் கையை வைத்தபடி, திரும்பாமலே சொன்னாள். "தித்திக்கும் கெங்கம்மா. மஞ்சள் கலந்த மண்ணு தித்திப்பா இருக்கும். அதான் உடமாட்டேன்குது."

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் கயிற்றை விட்டுவிட்டாள். ஆடு மறுபடி பள்ளத்துக்குப் போய்க் குனிந்தது. அதன் நாக்கு மஞ்சளாக இருந்தது.

"தித்திக்கும்னு ஒனக்கு எப்பிட்றீ தெரியும்?" என்றாள் கெங்கம்மாள்.

ஏஞ்சலின் திரும்பினாள். முதலில் சிரிக்கத்தான் பார்த்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு ஆட்டைப் பார்த்தாள். பெரிய ஆடு நெற்றியை வைத்து அழுத்தின சுவர் அதற்குப் பின்னால்தான் இருந்தது. அவள் ஈரக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலது கை நிற்காமல் வழுக்கி இறங்கியது.

"அக்கா," என்றாள்.

நான் தணிகைவேல் அறைக்குப் போனேன். போனேன் என்ன, பாய்ந்தேன் என்று சொல்லலாம். "அந்த மஞ்சப் பொடில இன்னா கீது?" என்று கேட்டேன்.

"கலருதாம்மா. ஏன்?"

"எங்கேந்து வருது?"

அவர் என் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். "ஈயப் பொடி. பழைய பேட்டரி உருக்குற எடத்துலேந்து ஒருத்தர் குடுக்குறாரு. சுட்டா ஒண்ணும் ஆவாது, கண்ணாடியாப் பூடும்னு சொன்னாரு. கையக் கழுவுனா போதும்னாரு."

"ஏஞ்சலு அத்த மாசக் கணக்கா துன்னுகினு கீறா."

"துன்னுகினா?" அவருக்குப் புரியவே இல்லை. "மண்ணயா? யாராவது மண்ணு துன்னுவாங்களா?"

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் எழுத்தில் வைக்க முடியவில்லை. அந்த மனுஷருக்கும் ஒரு தாய் இருந்தாள், ஒரு மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளை பிறந்திருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி எதையெல்லாம் ஒளித்துத் தின்பாள் என்று அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் அவரிடம் சொன்னதில்லை. எங்களுக்கோ சாக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சாக்கு பேர் இல்லாமல் வந்தது, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டியவர் அவர். அவர் வீட்டுப் பூஜையறையிலும் அதே மஞ்சள் தாமரைதான் வரிசையாக இருக்கிறது.

அவரே வேனை எடுத்தார். நானும் ஏஞ்சலினும் பின்னால் உட்கார்ந்தோம். திருவள்ளூர் போகிற வழியெல்லாம் லாரி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சாம்சன் உருக்காலைச் சட்டையோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான்.

டாக்டரம்மா நல்லவர். திட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார். ஈறுகளைப் பார்த்தார். ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்த நாளில் நானும் கூட இருந்தேன். ஈயம் ரத்தத்தில் நிறைய ஏறியிருக்கிறது, எலும்பிலும் போய்ச் சேர்ந்திருக்கும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் போகும் என்று பொறுமையாகச் சொன்னார். இனிமேல் அந்த இடத்துக்குப் போகக்கூடாது. பிள்ளை பிறந்த பிறகுதான் மற்ற வைத்தியம்.

ஏஞ்சலின் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப, போன ரெண்டும்?" என்றாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதுக்கு இப்ப என்னால பதில் சொல்ல முடியாதும்மா," என்றார்.

அதற்கு அவர் ஆமாம் என்றே சொல்லியிருக்கலாம். சாம்சன் எழுந்து வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றி சுவரில் படப் போகிற மாதிரி இருந்தது. நான் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்குப் போனதும் அவன் சுத்தியும் உளியும் எடுத்தான். கூடத்துச் சுவரை இடித்துத் தள்ளப் பார்த்தான். ஏஞ்சலின்தான் கையைப் பிடித்தாள். உடைத்தால் தூள் பறக்கும், அது இன்னும் மோசம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் ஒட்டுப்பலகை வாங்கி வந்து சுவர் முழுக்க மூடி ஆணி அடித்தான். இப்போது கதவைத் திறந்தால் பழுப்புப் பலகைதான் தெரியும். அதற்குப் பின்னால் அத்தனை மயிலும் இருட்டில் நிற்கின்றன.

பிள்ளை முன்னதாகவே பிறந்தது. பெண். கிறிஸ்டினா என்று பேர். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அழுதாள், ஆனால் சத்தம் சின்னதாக இருந்தது. ஏஞ்சலினுக்குத் தனியாக மருந்து கொடுத்தார்கள். கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இப்போது டம்ளர் பிடிக்கிறாள். தூரிகையைத் தொடுவதில்லை. கொட்டகையைத் தணிகைவேல் மூடிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் ரத்தம் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறதாம், குறைவாக. கெங்கம்மாள் சோதனைக்கே வரவில்லை.

அவளுடைய சின்ன ஆடு சாகவில்லை. கண் போய்விட்டது. இன்றைக்கும் அவள் வாசலில் கட்டியிருக்கிறாள். தழையை மூக்கில் வைத்தால் தின்னும். அந்த ஆட்டை எங்கள் காலனி முழுக்க அறியும். அதனால்தான் கிறிஸ்டினாவைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் பிள்ளையைத் தூக்கினவுடன் விரலை அவள் கண்ணுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்க்கிறார்கள். ஏதோ கொஞ்சுகிற மாதிரி. ஏஞ்சலின் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் கண் விரலோடு போகும். ஆமாம், போகிறது. ஆனால் பேச்சு வருமா, படிப்பு ஏறுமா, கை கால் சரியாக இருக்குமா என்று கேட்டால், வளரட்டும் பார்க்கலாம் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். வளர்கிற வரைக்கும் ஒரு தாய் என்ன செய்வாள் என்று அவர்கள் சொல்லவில்லை.

"இப்பவும் வேணும்னு கீதுக்கா," என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். மழை தூறி வாசல் மண் வாசனை வந்த நேரம். "புள்ள பொறந்தா போயிடும்னீங்களே எல்லாரும். போகல. அந்த தித்திப்பு நாக்குலயே கீது." நான் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் கெங்கம்மாளும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். சர்ச் முடிந்து வந்து, வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்டினா இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் தவழ்ந்துவிட்டாள். அதற்கே சாம்சன் மிட்டாய் வாங்கி வைத்திருந்தான். பிள்ளை பாயைத் தாண்டிப் போய், செம்பருத்திச் செடி அடியில் உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை அள்ளினாள். அள்ளின கையை நேரே வாயில் வைத்தாள்.

கெங்கம்மாள் சிரித்தாள். "ஆத்தாளுக்குத் தப்பாம பொறந்துக்குது."

ஏஞ்சலின் சிரிக்கவில்லை. நான் எழுந்திருப்பதற்குள் அவள் பிள்ளையிடம் போய்விட்டாள். வாயைப் பிளந்து, விரலை உள்ளே விட்டு, இருக்கிற மண்ணையெல்லாம் வழித்து எடுத்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது.

"உடுடி, வெறும் செடி மண்ணுதான். கொயந்தைங்க எல்லாம்தான் துன்னும்," என்றேன்.

அவள் காதில் அது விழவில்லை. எச்சிலோடு விரலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு அந்த விரலைத் தன் வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, நாக்கை மெதுவாகப் புரட்டினாள்.

"தித்திக்கல," என்றாள்.

சாம்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். நான் மூச்சு விட்டேன். ஏஞ்சலின் செடி அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். குனிந்து தரையிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து, மறுபடி நாக்கில் வைத்துக்கொண்டாள்.